யார் கொடுத்த ஓல் கிளியர்?

கிண்ணியா
12.12.1963

அன்புள்ள குணேஸ்,

நீ கொழும்புக்கு மாற்றலாகிப் போனதைத் தபால்காரர் சொல்லித்தான் அறிந்தேன். அவரிடமே உன் விலாசத்தையும் கேட்டு வாங்கினேன். என் மாப்பிள்ளை மஹ்ரூப் மௌத்தாகி இன்றைக்கு இருபத்துநாலு நாள். துறைமுகக் கந்தோரிலிருந்து கிளாக்கர்மார் எல்லோரும் பாதைப் படகில் ஏறி ஆற்றைக் கடந்து வந்தார்கள். உன் அண்ணன் சிவகுருநாதனும் வந்து முற்றத்தில் தலைகுனிந்து நின்றார் என்று சொன்னார்கள். நீ மட்டும் வரவில்லை. உனக்குக் காய்ச்சல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் இத்தாவில் இருக்கிறேன். புருசனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது உனக்குத் தெரியும். அதனால் நான் போய்க் கேட்க வேண்டியதை எல்லாம் கடிதத்தில்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நேற்று முன்தினம் கந்தோரிலிருந்து இங்கிலீசில் ஒரு கடிதம் வந்தது. பாயிஸ் மாஸ்டர் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து வாசித்துத் தமிழில் சொன்னார். “ஓல் கிளியர் கொடுக்கப்படுவதற்கு முன்னரே, கட்டளையை மீறி, கங்காணி மஹ்ரூப் தண்ணீர்ப் பார்ஜின் டாங்கிக்குள் இறங்கினார், தொழிலாளி முருகேசுவையும் இறக்கினார். இரு மரணங்களுக்கும் அவரே பொறுப்பு.” மாஸ்டர் இரண்டு தரம் வாசித்தார். இரண்டு தரமும் அதேதான்.

சாப்பாட்டுக்குப் பிந்தினால் கூட ஆள் அனுப்பிச் சொல்லுகிற மனிதர் கட்டளையை மீறினாராம். ஒரு தாயின் பிள்ளையைச் சாகக் கொடுத்தாராம்.

அந்தத் தாய் வள்ளியம்மா, சல்லிக் கிராமத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து என் வாசல் படலையில் நின்றா. ஏசவில்லை, மண் அள்ளித் தூற்றவில்லை. “உன்ர புருசன் ஏன் என்ர பிள்ளையை இறக்கினவர்? அதை மட்டும் சொல்லு புள்ள” என்று கேட்டா. மனுசி ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றுவிட்டுப் போனா.

குணேஸ், ஓல் கிளியர் நம்முடைய வார்த்தை அல்லவா? ஜப்பான்காரன் குண்டு போட்ட காலையில், திருகோணமலையில் நம் தெருவில் வெட்டிய குழிக்குள் ஒன்பது வயதில் ஒட்டிக்கொண்டு கிடந்தபோது கேட்ட வார்த்தை. அது எப்படி என் மாப்பிள்ளையின் மரணக் கடிதத்துக்குள் வந்தது? துறைமுகத்தில் அதற்கு என்ன பொருள்? யார் அதைக் கொடுப்பது? யார் கொடுக்காமல் விட்டது? நீ அங்கே டைப் அடித்தவள். உனக்குத் தெரியாமல் இருக்காது.

உடனே எழுது.

றஹ்மா


வெள்ளவத்தை, கொழும்பு
20.12.1963

அன்புள்ள றஹ்மா,

உன் கடிதம் கிடைத்தது. வராமல் போனதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மாற்றல் திடீரென்று வந்துவிட்டது. அண்ணன்தான் ஓடித்திரிந்து ஒழுங்கு செய்தார். சாமான் கட்டவே நேரம் போதவில்லை. காய்ச்சல் என்று நீ நினைத்ததும் முழுப் பொய் இல்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். அந்த வார்த்தையில் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை றஹ்மா. அது யுத்த காலத்துப் பட்டாளத்துச் சொல். சங்கு ஏறி இறங்கி ஊதினால் விமானம் வருகிறது, ஓடி ஒளி. ஒரே குரலில் நீட்டி ஊதினால் ஆபத்து நீங்கிவிட்டது, வெளியே வரலாம். அதுதான் ஓல் கிளியர். யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரனும் கப்பலேறிப் போனான், சொல் மட்டும் துறைமுகத்தில் தங்கிவிட்டது. எங்கள் கந்தோரில் பெரியவர் சாப்பிடப் போனால் பியோன் தலையை நீட்டி “ஓல் கிளியர்” என்பான், உடனே எல்லோரும் தேத்தண்ணிக்கு எழும்புவோம். மழை விட்டால் ஓல் கிளியர். வயிற்றுக்கடுப்பு நின்றால் ஓல் கிளியர். எங்கள் அம்மா, தன் மாமியார் ஊருக்குப் போன அன்று சொன்னதும் அதுதான். இங்கே என் அறைக்காரிகூட, குளியலறை காலியானால் இங்கிலீசில் அப்படித்தான் கூப்பிடுகிறாள். வாயில் புரண்டு புரண்டு தேய்ந்துபோன சொல்.

பார்ஜ் வேலையில் அதற்கு ஒரு முறை இருக்கிறது, உண்மைதான். கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிற பார்ஜின் டாங்கியை வருசத்துக்கு ஒருமுறை உள்ளே இறங்கிச் சுரண்டுவார்கள். மூடிக் கிடந்த ஈர இரும்பு, காற்றின் உயிரைத் தின்றுவிடுமாம். மணம் இல்லை, நிறம் இல்லை, இறங்கினவன் படியிலேயே சாய்ந்துவிடுவான். அதனால் இன்ஸ்பெக்டர் முதலில் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார். விளக்கு எரிந்துகொண்டே மேலே வந்தால் ஓல் கிளியர் சொல்வார். சொன்னவர்தான் முதலில் உள்ளே இறங்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே வழக்கம். அவர் ஏறி வந்த பிறகுதான் மற்ற ஆட்கள் இறங்குவார்கள். இன்ஸ்பெக்டர் என் அண்ணன் என்பது உனக்குத் தெரிந்ததுதானே. அன்றைக்குத் தம்பலகாமத்தில் அவருடைய வயலில் யானை இறங்கிவிட்டதால் அவர் வரப் பிந்திவிட்டார்.

கடிதத்தில் எழுதியதை மனதில் போட்டு உழப்பாதே. கந்தோர்க் கடிதங்கள் அப்படித்தான் இருக்கும், பழியைப் போட ஒரு பெயர் வேண்டும். மாசி பங்குனியில் விசாரணை என்று வைப்பார்கள், ஆட்கள் மறந்துவிடுவார்கள். எனக்கு இன்னொரு அண்ணன் மாதிரி இருந்த மஹ்ரூப் நானா எப்படிப்பட்டவர் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று காலையிலும் டெலிபோனில் என்ன குசாலாகச் சிரித்தார்! அந்த முகத்தோடேயே அவரை நினைத்துக்கொள்.

உடம்பைக் கவனி. நோன்பு வேறு வரப்போகிறது.

குணேஸ்வரி


கிண்ணியா
3.1.1964

குணேஸ்,

உன் கடிதத்தை ஐந்தாறு தரம் வாசித்துவிட்டேன். மாமியார் கதையும் தேத்தண்ணிக் கதையும் நன்றாக இருக்கிறது. நான் செத்தவரைப் பற்றிக் கேட்டேன், நீ குளியலறையைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

ஒரு வரியில் கண் தடக்கி நின்றது. அன்று காலையில் அவர் டெலிபோனில் சிரித்தாராம். யாரோடு சிரித்தார்?

நேற்று முஹம்மது தம்பி வந்தார். எனக்கு மாமா முறை, பார்ஜில் வின்ச் கயிறு இழுக்கிறவர், அன்று மேலே நின்றதால் தப்பியவர். இத்தனை நாளும் அவரை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். திரைக்கு வெளியே குந்தியிருந்து அழுதுகொண்டே சொன்னார். நான் அதை அப்படியே எழுதுகிறேன்.

“ஏழரை இருக்கும் மருமகள். பார்ஜ் கட்டுற ஜெட்டியில கிடக்கிற டெலிபோன் அடிச்சது. மஹ்ரூப் நானாதான் எடுத்தவர். கதைச்சுச் சிரிச்சுப்போட்டு வந்து, ‘ஓல் கிளியர் வந்திட்டுது, மூடியைக் கழட்டுங்கோ’ எண்டார். நான் கேட்டனான், ‘விளக்கு இறக்க வேணாமோ?’ எண்டு. விளக்கு சிவகுருநாதன் ஐயாட பூட்டின அலுமாரிக்குள்ள, திறப்பு அவரிட்ட. ‘ஐயா பாத்துப்போட்டாராம், கந்தோரில பலகையிலயும் எழுதுறாங்களாம்’ எண்டு சொல்லிப்போட்டு, ‘சொன்னவர் இல்லாட்டி நான்தானே முதல்ல இறங்க வேணும்’ எண்டு சாரத்தை மடிச்சுக் கட்டினார். நாலாவது படியில கை விட்டிட்டுது. சத்தமே இல்ல. முருகேசுப் பொடியனை ஆரும் இறங்கச் சொல்லயில்ல மருமகள். ‘ஐயோ நானா’ எண்டு கத்திக்கொண்டு அவனாத்தான் பாய்ஞ்சவன். நான் புடிச்சனான், சேட்டுத்தான் கிழிஞ்சு கையில வந்தது.”

ஓல் கிளியர் வந்திருக்கிறது குணேஸ். கொடுக்கப்படவில்லை என்று கடிதம் சொல்லுகிறது, ஆனால் வந்திருக்கிறது. அவர் யாரையும் இறக்கவில்லை. மற்றவர்களைக் காக்கத்தான் முதலில் போனார்.

டெலிபோனில் பேசியது யார் என்று முஹம்மது தம்பிக்குத் தெரியவில்லை. உன் அண்ணன் தம்பலகாமத்தில் என்று நீயே எழுதினாய். பலகை உங்கள் கந்தோரில் இருக்கிறது. அங்கே ஏழரைக்கு வந்து கதவு திறக்கிறவள் யார் என்று எனக்குத் தெரியும், உன் மதியச் சாப்பாட்டை எத்தனை நாள் நான் அவர் கையில் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு நீ யோசித்துக் கட்டாத ஒரு பதிலை எழுது. பேசியது யார்?

வள்ளியம்மா திரும்பவும் வந்தா. முஹம்மது தம்பி சொன்னதைச் சொல்லி அனுப்பினேன். “அவன் உன்ர புருசனுக்காகப் பாய்ஞ்சவன் எண்டா, உன்ர புருசனை ஆர் பாயச் சொன்னது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டா. எனக்கும் அதே கேள்விதான்.

றஹ்மா


வெள்ளவத்தை
19.1.1964

றஹ்மா,

நான்தான்.

இரண்டு கிழமையாக இந்த ஒரு சொல்லை எழுத முயன்று கிழித்துக் கிழித்துப் போட்டேன். இனி முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று திங்கட்கிழமை. கதவைத் திறந்து உள்ளே போகவும் டெலிபோன் அடித்தது. தம்பலகாமம் ஸ்டேசனிலிருந்து அண்ணன். வயல் முழுவதும் யானை மிதித்துவிட்டது, ரோட்டிலும் யானை நிற்கிறது, மத்தியானத்துக்கு முன் வர ஏலாது என்றார். “கப்பலுக்குத் தண்ணி குடுக்க வேணும், பெரியவர் என்னைத் தின்னுவார். மஹ்ரூப்பிட்ட ஓல் கிளியர் எண்டு சொல்லிவிடு. புதன்கிழமை நான் விளக்கு இறக்கிப் பாத்தனான், நல்லா எரிஞ்சது. பலகையிலயும் எழுதிவிடு.” இவ்வளவுதான்.

புதன் இரவே மழை தொடங்கி, மூடியை இறுக்கிப் பூட்டிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஐந்து நாள் அது பூட்டியே கிடந்தது. அந்தக் குறிப்பை டைப் அடித்ததும் நான்தான். ஆனால் அந்த நிமிசம் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. நான் உனக்கு எழுதினேனே, தேய்ந்துபோன சொல் என்று, அப்படித்தான் அதை எடுத்து வாயில் போட்டேன். ஜெட்டிக்கு அடித்தேன். “நானா, இண்டைக்கு நான்தான் இன்ஸ்பெக்டர். ஓல் கிளியர்! அண்ணன் பாத்தாச்சு, பலகையிலயும் எழுதுறன்” என்றேன். அவர் சிரித்தார். “சரி தங்கச்சி, இன்ஸ்பெக்டரம்மா சொன்னா மறுப்பேதும் உண்டா” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெண்கட்டியை எடுத்துப் பலகையில் ஏழு முப்பத்தைந்து என்று நேரம் போட்டு எழுதினேன். எழுத்து அழகாக வந்ததென்றுகூட நினைத்தேன்.

எட்டேகாலுக்குக் கத்துகிற சத்தம் கேட்டது. ஜெட்டிக்கு ஓடினேன். இரண்டு பேரையும் பார்ஜின் மேல்தட்டில் கிடத்தியிருந்தார்கள். நானாவின் முகம் நித்திரை கொள்ளுகிற மாதிரி இருந்தது. முருகேசுவின் கை அவருடைய சாரத்தைப் பிடித்தபடி இருந்தது, பிரிக்க முடியவில்லை.

மத்தியானம் அண்ணன் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கதவைச் சாத்திவிட்டு, “நான் ஒண்டும் சொல்லயில்ல, நீயும் ஒண்டும் சொல்லயில்ல. வெளிய வந்தா ரெண்டு பேரையும் மறியலில போட்டிடுவாங்கள்” என்றார். பலகையைக் காட்டினார். நான் சேலைத் தலைப்பால் அழித்தேன் றஹ்மா. எழுதியதும் நான், அழித்ததும் நான். அவர் கையைக்கூட நீட்டவில்லை.

கந்தோர் ஆட்கள் உன் வீட்டுக்கு வந்தபோது நான் கட்டிலுக்குக் கீழே பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தேன். உன் முற்றத்துக்கு வந்து உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அண்ணனுக்கு நாலு பிள்ளைகள். எனக்கு வைகாசியில் கல்யாணம் பேசி வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் உனக்கு நான் சொல்லக் கூடாத நியாயங்கள், தெரியும். ஆனாலும் கேட்கிறேன். வாசித்துவிட்டு இதை அடுப்பில் போட்டுவிடு. என்னை வெறுத்துக்கொள், எவ்வளவும் வெறு. எரித்துவிடு.

குணேஸ்


கிண்ணியா
2.2.1964

குணேஸ்வரி,

எரிக்கவில்லை.

நோன்பு திறக்கிற நேரத்துக்குத்தான் தபால் வந்தது. பேரீச்சம்பழம் கையில் இருக்க வாசித்தேன். நீயாக இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டேன். ஆனாலும் நீ என்று உன் கையெழுத்தில் கண்டபோது தலையில் அடித்த மாதிரி இருந்தது. நினைத்திருந்தது ஒன்றும் உதவவில்லை.

இதைப் பாயிஸ் மாஸ்டரிடம் கொடுத்தால் நாளைக்கே பெரியவரின் மேசைக்குப் போய்விடும். எனக்குத் துணிவு இல்லாமல் இல்லை, கோபமும் நிறைய இருக்கிறது. இரண்டு நாள் உறையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு அலுமாரியில் வைத்துவிட்டேன். அதை நான் கொடுக்க மாட்டேன், உன் வாயால் வர வேண்டியது அது.

பங்குனி ஐந்தாம் திகதி விசாரணை என்று அறிவித்தல் வந்திருக்கிறது. எனக்கு இத்தா முடிய இன்னும் இருபத்து மூன்று நாள் பாக்கி இருக்கும். நான் வர ஏலாது. முஹம்மது தம்பி போவார், யாரோ டெலிபோனில் சொன்னதாகச் சொல்வார். “யார்?” என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. வள்ளியம்மாவும் போவாவாம். அந்த மனுசி முன்னால் என் மாப்பிள்ளையைக் கொலைகாரன் என்று எழுதி முடிக்கப் போகிறார்கள்.

நீ அந்தக் குழியை மறந்துவிட்டாயா? நீண்ட சங்கு ஊதி முடிந்த பிறகும் நான் வெளியே வரமாட்டேன் என்று அழுதேன். பெரியவர்கள் எல்லாம் “ஓல் கிளியர், ஓல் கிளியர்” என்று கத்தினார்கள், நான் நம்பவில்லை. நீ என் கையை உதறிவிட்டு ஏறினாய். தெருவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாய். வானத்தையும் பார்த்தாய். உன் கால் நடுங்கியது எனக்குக் கீழேயிருந்து தெரிந்தது. பிறகுதான் குனிந்து, “வா றஹ்மா, ஓல் கிளியர்” என்றாய். நீ சொன்னதால் வந்தேன். ஒன்பது வயதில் உனக்கு அது தெரிந்திருந்தது.

வந்து நீயே சொல்லு. வராவிட்டால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

றஹ்மா


திருகோணமலை
7.3.1964

அன்புள்ள றஹ்மா,

எழுத வேண்டாம் என்றாய், ஆனால் நான் வந்துவிட்டேன். அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

அண்ணனுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. விசாரணை அறையில் என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினார். துணைக்கு வந்தேன் என்று நினைத்திருப்பார். முதலில் அவர்தான் பேசினார். ஓல் கிளியர் தான் கொடுக்கவே இல்லை, கங்காணி அவசரப்பட்டுவிட்டார் என்று சொன்னார். குரல் உடையவே இல்லை. அடுத்து முஹம்மது தம்பி. “டெலிபோனில் பேசியது யார்?” என்று கேட்டார்கள். அவர் “தெரியாது சேர்” என்றார். நான் எழும்பி நின்றேன்.

கால் நடுங்கியது. நீ எழுதியதால் சொல்லவில்லை, உண்மையாகவே நடுங்கியது.

எல்லாம் சொன்னேன். ஸ்டேசனிலிருந்து வந்த அழைப்பு, நான் சொன்னது, நானா சிரித்தது, பலகை, சேலைத் தலைப்பு. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கோபம் இல்லை, யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி. கடைசியில், “ஓம், சொன்னனான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். முன் எழுதிய அறிக்கையை அந்த இடத்திலேயே தள்ளிவைத்தார்கள். மஹ்ரூப் நானா மீது ஒரு குற்றமும் இல்லை, முறைப்படி முதலில் இறங்கியவர் என்று பதிந்தார்கள். உனக்குக் கடிதம் வரும். இந்த முறை தமிழிலும் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், என்னையும்தான். வழக்கு வரும் என்கிறார்கள். அண்ணி என்னை வீட்டுக்குள் எடுக்கவில்லை. கல்யாணப் பேச்சும் நின்றுபோயிற்று. கோயிலடியில் ஒரு அறையில் இருக்கிறேன். புலம்பல் இல்லை இது, எங்கே இருக்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டுமென்று எழுதுகிறேன்.

வெளியே வரும்போது வள்ளியம்மா வழியில் நின்றா. அடிப்பா என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. “எழுதினது தெரியாமல் எழுதினனி. அழிச்சது தெரிஞ்சுதானே அழிச்சனி?” என்று கேட்டா. ஓம் என்றேன். மனுசி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டா.

றஹ்மா, பங்குனி இருபத்தெட்டில் உனக்கு இத்தா முடிகிறது, எண்ணிப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் வரலாமா? ஒரு வரி எழுதினால் போதும்.

குணேஸ்


கிண்ணியா
31.3.1964

குணேஸ்,

இத்தா முடிந்து குளித்து வெளியே வந்த அன்று முதலில் அவரை அடக்கிய கபுறடிக்குப் போக நினைத்தேன். போகவில்லை. பாதைப் படகில் ஏறி, பஸ் பிடித்து, சல்லிக்குப் போனேன். நாலு மாதத்துக்குப் பிறகு பட்ட வெயிலில் கண் கூசித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

வள்ளியம்மா வலை காயப்போட்ட இடத்தில் இருந்தா. என்னைக் கண்டு எழும்பவில்லை. முஹம்மது தம்பி இவ்வளவு நாளும் வைத்திருந்த அந்தக் கிழிந்த சேட்டுத் துண்டைக் கொடுத்தேன். மடியில் விரித்துவைத்துத் தடவிக்கொண்டே இருந்தா. பிறகு, “வெயிலுக்குள்ள நிக்காத, இஞ்சால வந்து இரு” என்றா. இருந்தேன். புறப்படும்போது ஒரு கோர்வை மீன் கட்டித் தந்தா. வீட்டுக்கு வந்து ஆக்கினேன், சாப்பிட்டேன். அன்றுதான் எனக்கு அவர் இல்லை என்று வாய்விட்டு அழ முடிந்தது.

கந்தோர்க் கடிதம் வந்தது, தமிழில். முறைப்படி முதலில் இறங்கியவர் என்று இருக்கிறது. பாயிஸ் மாஸ்டரைக் கூப்பிடாமல் நானே வாசித்தேன். நீ இல்லாவிட்டால் இந்த வரி இல்லை. நீ இல்லாவிட்டால் இப்படி ஒரு கடிதத்துக்கே வேலை இருந்திராது. இரண்டையும் ஒன்றாக நினைக்க முயன்று பார்க்கிறேன், தலை சுற்றுகிறது.

வரலாமா என்று கேட்டாய். ஒரு வரி போதும் என்றாய். அந்த வரியை எழுத உட்கார்ந்து மூன்று நாள் ஆகிறது. வா என்று எழுதினால், இங்கே எல்லாம் ஆறிவிட்டது, பயமில்லை என்று உனக்குச் சொல்லுகிற மாதிரி ஆகிவிடும். நான் உள்ளே இறங்கிப் பார்க்கவில்லை குணேஸ். பார்க்காததைச் சொல்ல மாட்டேன்.

நீ வந்து படலையில் நின்று கூப்பிடு. நான் வெளியே வருவேனா என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரியும்.

றஹ்மா